அகரம், திண்டுக்கல், ஆயக்குடி: ஒரு கையெழுத்து சுற்றவிட்ட வழி

என் மருமகள் செல்விக்குத் திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரி அநியாயம் செய்தது. கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கும் நாட்டில், புருஷன் கையெழுத்து இல்லை என்று அவளைத் திருப்பி அனுப்பினார்கள். சட்டம் அப்படி ஒன்றைக் கேட்கவே இல்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள். சட்டப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். இதே பயணம் போக வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசியில் அகரத்தில் டவுன் பஸ் ஏறினோம். திண்டுக்கல் பத்து கிலோமீட்டர், டிக்கெட் நான்கு ரூபாய். (காலை பஸ் என்றால் பூக்கூடைகளுக்கு நடுவே நிற்கத் தயாராகப் போங்கள்.) செல்விக்குச் சிசேரியனில் பிறந்த குழந்தைக்கு ஏழு மாதம்தான். மறுபடி இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தது. இன்னொன்றை உடம்பு தாங்காது என்று அவளே முடிவு செய்தாள். என் மகன் ஆந்திராவில் முறுக்கு போடுகிறவன். தீபாவளி வேலையை விட்டு வர முடியாது. போனில் சரி என்று சொல்லிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "புருஷன் எங்க?"

"போன்ல பேசுவாருக்கா, கேளுங்க" என்றாள் செல்வி.

"போன்லயே கையெழுத்தும் போடுவாரோ?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஏம்மா, வயிறு இவளதா, அவனதா?" என்று கேட்டேன்.

"கெழவிக்கு வாயப் பாரு. அடுத்த ஆளு வா."

வயிறு தீபாவளி வரை காத்திருக்குமா? இரண்டு நாள் கழித்து, பழனிப் பக்கம் அக்கா வீட்டுக்கு என்று சொல்லிப் போனாள் செல்வி. மறுநாள் அந்த அக்கா போன் செய்தாள். "அத்தை, ஆயக்குடியில ஒரு நர்ஸம்மாகிட்டக் கூட்டிட்டு வந்தனுங்க. உதிரம் நிக்கல. வெரசா வாங்க."

திண்டுக்கல்லிலிருந்து பழனி பஸ்ஸில் ஆயக்குடி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், டிக்கெட் பதினெட்டு ரூபாய். கொய்யாச் சந்தை வாசலில் இறங்கி நான் வாய் திறக்குமுன்பே ஆட்டோக்காரர் கேட்டார்: "ஏனுங்கம்மா, நர்ஸம்மா ஊட்டுக்குங்களா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கொய்யாப்பழம் வெல கேக்காம நிக்கறவங்க வேற எங்கீங்க போவாங்க? போறப்ப ஒண்ணுமில்லீங்க. திரும்பி வாரப்பத்தான் மேடு பள்ளம் பாத்து ஓட்டோணும்."

அந்த நர்ஸம்மா நர்ஸுக்குப் படித்தவள் இல்லை. செல்வி ஒரு சாக்கின் மேல் காய்ச்சலில் கிடந்தாள். நான் கத்தினேன். "எங்கிட்ட வந்தவள கையெழுத்துக் கேட்டு நான் தொரத்துலீங்க" என்றாள் அவள். கத்துவதை நிறுத்திவிட்டு வண்டிக்கு ஆள் அனுப்பினேன்.

வாடகைக் கார், எழுநூறு ரூபாய். அதே ஆஸ்பத்திரி, அதே அம்மா. உடனே ஸ்ட்ரெச்சர் வந்தது.

"புருஷன் கையெழுத்து வேணாமா?"

"உசுரு போற நேரத்துல என்ன கையெழுத்து?"

"அன்னைக்கும் உசுரத்தான கூட்டிட்டு வந்தேன்!"

செல்வி பிழைத்தாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வயது இருபத்து மூன்று.

இனி நடக்க வேண்டியது இது. சீட்டு எழுதுகிறவர்கள், பதினெட்டு வயது முடிந்தவளிடம் அவள் சம்மதத்தைத் தவிர வேறு யாருடையதையும் கேட்கக் கூடாது. பெரிய டாக்டர் அதைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். தடுப்பூசி போட ஊருக்கு வரும் நர்ஸ் இதையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். போலி நர்ஸைப் பிடிக்கப் போகும் அதிகாரி, அவளிடம் பெண்களை அனுப்பியது யார் என்றும் விசாரிக்க வேண்டும். ஆண்கள் உறை போடட்டும். பெண்கள் நாள் கடத்தாமல் போக வேண்டும். திருப்பினால் பெரிய டாக்டரைப் பார்க்காமல் எழுந்திருக்கக் கூடாது. துணைக்கு ஆள் இல்லையென்றால் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். நான் வந்து பக்கத்தில் உட்காருகிறேன்.