பால் மறக்காத கன்று

மொழிவாரியாக மாநிலம் பிரிப்பதைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஐம்பதுகளில், கல்யாணமான புதிதில், நானும் என் வீட்டுக்காரரும் ஓசூரை அடுத்த தளிக்குப் பக்கத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்துக் குடியேறினோம். இரண்டு பேருமே சேலத்துப் பக்கம். அங்கேயோ பக்கத்து வயலில் கன்னடம், கடைவீதியில் தெலுங்கு. எனக்குத் தலை சுற்றும். இவருக்கோ வந்த மறுமாதமே கன்னடம் வந்துவிட்டதாம்! "எல்லாம் நம்ம தமிழ்தாண்டி. 'ப' வந்தா 'ஹ'ன்னு சொல்லு, 'வ' வந்தா 'ப'ன்னு சொல்லு, முடிஞ்சுது" என்று மீசையை முறுக்குவார்.

எங்களிடம் ஒரு கறவை மாடு இருந்தது. அதன் கன்று செத்துப்போயிருந்தது. தோலை உரித்து, வைக்கோல் திணித்து, கறக்கும்போது மாட்டின் முன்னால் நிறுத்துவோம். அதை நக்கிக்கொண்டே மாடு பால் சுரக்கும். எனக்குப் பார்க்கவே சகிக்காது. ஆனாலும் அந்தப் பாலை விற்றுத்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

அந்தக் கோடையில் மைசூர்ப் பக்கத்திலிருந்து சந்தைக்கு மாடுகளை ஓட்டிப்போன ஒருவர் எங்கள் வாசலில் நின்றார். நடக்க முடியாமல் தள்ளாடிய ஒரு காளைக்கன்றை எங்களுக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். எலும்பும் தோலுமாக இருந்தாலும் நல்ல உயரமான ஜாதிக் கன்று. எங்கள் உழவு மாடுகளில் ஒன்றுக்கு வயதாகிவிட்டது. இது வளர்ந்து வந்தால்தான் ஏர் பூட்ட முடியும், குத்தகையும் நிலைக்கும். கயிற்றைக் கையில் கொடுக்கும்போது அவர் எங்கள் கறவை மாட்டைக் கோலால் காட்டி, "ஹாலு பிட்டில்லம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"என்னவாம்?" என்று இவரைக் கேட்டேன்.

"பால் விட்டதில்லையாம். இதுக்குப் பாலே விடாம வளர்த்திருக்காங்க. நம்ம மாட்டுக்கிட்ட விட்டுக் கெடுத்துடாதேங்கிறான்."

எனக்கும் அப்படித்தான் கேட்டது.

அந்தக் கன்றை எவ்வளவு ஆசையாகப் பார்த்தேன் தெரியுமா? கொள்ளு வேகவைத்தேன், பிண்ணாக்கு ஊறவைத்தேன், இளம் புல்லாகப் பார்த்து அறுத்துப் போட்டேன். வாய் வைக்காது. வாளியின் விளிம்பைச் சப்பும், என் விரலைச் சப்பும், முந்தானையை வாயில் இழுத்துக்கொண்டு விடவே விடாது. "கொஞ்சறதைப் பாரு" என்று சிரித்தேன், பாவி. கறக்கிற நேரத்தில் கன்று கத்தும். மாடும் திரும்பிப் பார்த்துக் கத்தும். இவர் அதட்டிவிட்டு, கன்றைத் தூரத்தில் வேலியோரம் கொண்டுபோய்க் கட்டுவார். பிறகு வைக்கோல் கன்றைத் தூக்கிவந்து நிறுத்துவார்.

தின்னவில்லையே என்று பிண்ணாக்குத் தண்ணீரை மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினோம். வயிறு உப்பிக் கழிச்சல் கண்டது. ஓமம் காய்ச்சிக் கொடுத்தும் நிற்கவில்லை.

எங்களிடம் பால் வாங்க ஓர் அக்கா வருவார். காய்கறி வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். வீட்டில் தமிழ்தான், ஆனால் அவர் பிறந்து வளர்ந்தது கன்னடம் பேசும் ஆனேக்கல்லில். ஒரு காலையில் வேலியோரம் சாய்ந்து கிடந்த கன்றைப் பார்த்துவிட்டு, "குடுத்தவரு ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டார். அந்த வார்த்தையை அப்படியே சொன்னேன்.

"யா அல்லா! ஏம்மா, இது இன்னும் பாலை விடலை, பால் மறக்கலைன்னு சொல்லியிருக்காரும்மா! பால்குடிக் கன்னு! உங்க மாட்டுல விடச் சொல்லித்தானே காட்டியிருக்காரு!"

அக்கா சொம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். மூன்று பேருமாகக் கன்றைத் தூக்கிப்போய் மாட்டின் மடியில் வாயை வைத்தோம். மாடு உதைக்கும் என்று பயந்தேன். உதைக்கவில்லை. முகர்ந்து பார்த்து நக்கத் தொடங்கியது. கறக்காமலே காம்பிலிருந்து பால் சொட்டியது. அக்கா அதை விரலில் தொட்டுக் கன்றின் நாக்கில் தடவினார். ஒரு முறை சப்பப் பார்த்தது. அதற்குமேல் அதற்குத் தெம்பில்லை. உயிர் போனது தெரியாமல் மாடு நக்கிக்கொண்டேயிருந்தது.

இவர் குழி வெட்டி, அந்த வைக்கோல் கன்றையும் சேர்த்தே புதைத்தார். ஏருக்கு ஜோடி இல்லாமல் மூன்றாம் வருஷம் குத்தகையையும் விட்டோம்.

இப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். தொழிற்சாலை வேலைக்கு வந்த பிள்ளைகள் தெருவில் என்னென்னவோ மொழி பேசுகிறார்கள். யார் எதைச் சொன்னாலும் மறுபடி ஒரு தரம் கேட்டுக்கொள்வேன். கிழவிக்குக் காது மந்தம் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். கன்னடம்தான் புரியவில்லை என்று வைத்துக்கொண்டாலும், முந்தானையை வாயில் பிடித்துக்கொண்டு எந்த மொழியும் இல்லாமல் அது என்னிடம் கேட்டது கூடவா எனக்குப் புரியாமல் போயிற்று என்றுதான் இன்றும் மனசு ஆறவில்லை.