ஆறாவது ஆல்பத்துக்கு எத்தனை மார்க்?

கொஞ்ச நாளாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். ஒருவர், ‘எழுத விஷயம் தீர்ந்துபோச்சா சார்?’ என்றே கேட்டுவிட்டார். தீரவில்லை. உட்கார்ந்து எழுதும் மனநிலைதான் இல்லை. இப்போது வந்துவிட்டது. சொல்கிறேன்...

ஒரு சனிக்கிழமை காலை. தோசைக்கல்லில் இரண்டாவது தோசை. போன் அடித்தது. லில்லிபாய் டீச்சர்.

டீச்சர் என் நண்பன் வில்சனின் மனைவி. தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். பூகம்பமே வந்தாலும், ‘எல்லாரும் வரிசையா வெளிய போங்க’ என்று சொல்லக்கூடிய குரல். அன்றைக்கு அந்தக் குரல் நடுங்கியது.

“அண்ணா... இவியளுக்குப் பேச்சு வரல்ல. வாய் ஒரு பக்கமா கோணிப்போச்சு. பக்கத்து வீட்டு கார்ல ஏத்தி நாகர்கோவிலுக்குத்தான் வாறோம். நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க.”

கேஸை அணைத்தேனா என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதுதான் யோசித்தேன்.

ஸ்ட்ரோக். ‘தாமதிக்காமல் கொண்டுவந்தது நல்லதாய்ப் போச்சு’ என்றார் டாக்டர். உயிருக்கு ஆபத்தில்லை. சில நாளில் கோணிய வாய் நேரானது. வலது கை முதலில் மடங்க மறுத்தது, பிறகு மடங்கியது. நடந்தான். சாப்பிட்டான். நாம் சொல்வது அத்தனையும் அவனுக்குப் புரிந்தது.

பேச்சு மட்டும் வரவில்லை.

தண்ணீர் வேண்டும் என்றால் டம்ளரைக் காட்டுவான். வாயைத் திறப்பான். “ஆ... ஆ...” அவ்வளவுதான். பிறகு தலையைத் திருப்பிக்கொள்வான். அந்தத் திருப்பலைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஏனென்றால், வில்சன் யார்? கல்லூரியில் கெமிஸ்ட்ரி பாடம் நடத்தியவன். மீன் வாங்கப் போனால் மீன்காரம்மாவுக்கு அயோடின் பற்றி வகுப்பு எடுத்துவிட்டுத்தான் வருவான். கல்யாண வீட்டில் இவன் பக்கத்தில் இலை கிடைத்தால் பாயசம் ஆறிவிடும். பேச்சுதான் அந்த ஆள். அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

சரி, இப்போது ஒரு சம்பந்தமில்லாத விஷயம். சம்பந்தம் பின்னால் வரும்.

எனக்கும் வில்சனுக்கும் கல்லூரி நாளிலிருந்து ஒரு சண்டை உண்டு. சொத்துச் சண்டை இல்லை. ஆல்பம் சண்டை. மஸ்கட்டிலிருந்து அவன் அண்ணன் கொண்டுவந்த கேசட்டில் தொடங்கியது. ஒரு அமெரிக்க பேண்ட். பெயரைச் சொல்ல மாட்டேன்... சொன்னால் அதன் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஒரு சண்டையே போதும்.

கிளாம் மெட்டல் என்று அந்த வகைக்குப் பெயர். ஐந்து ஆண்கள். லிப்ஸ்டிக், கண் மை, உடம்போடு ஒட்டிய பளபளா பேன்ட். தலைமுடி தென்னை மண்டை மாதிரி விரிந்து நிற்கும். கேசட் அட்டையைப் பார்த்த வில்சனின் அப்பா, “இது யாருல, பொம்பளப் பிள்ளேளா?” என்று கேட்டார். பிளேயரில் போட்டோம். கிட்டார் அலறியது. அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

மொத்தம் ஆறு ஸ்டுடியோ ஆல்பம். முதலாவது, காசில்லாமல் பண்ணியது. டிரம்ஸ் சத்தம் தகரக் கொட்டகையில் தேங்காய் விழுவதுபோல இருக்கும். ஆனால் ஐந்து பேருக்கும் பசி தெரியும். இரண்டாவதில்தான் உலகம் முழுக்கப் புகழ். கோரஸ் வந்தால் யாராக இருந்தாலும் கையைத் தூக்கிவிடுவார்கள். மூன்றாவது கொஞ்சம் கனமானது, இருட்டானது. நடுவில் ஒரு மெதுவான பாட்டு வரும்... கல்லூரியில் காதலித்த எல்லாரும் அதற்கு அழுதிருக்கிறோம். நான்காவதில் பணம் ஏறிவிட்டது. எங்கே பார்த்தாலும் கீபோர்டு. ஐந்தாவது வரும்போது ஃபேஷன் மாறிவிட்டது. முடியை வெட்டி, கட்டம்போட்ட சட்டை போட்டு, வேறு யாரையோ மாதிரிப் பாடினார்கள். யாரும் வாங்கவில்லை.

ஆறாவது? ரொம்ப வருடம் கழித்து வந்தது. நடுவே பாடகனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். பழைய குரல் போயே போய்விட்டது. மிச்சமிருந்த குரலை வைத்துக்கொண்டு, கிட்டாரின் சத்தத்தைக் குறைத்துப் பாடியிருந்தான். ரசிகர்கள் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வில்சன் முதல் பாட்டையே பாதியில் நிறுத்தியவன். “இது அவன் இல்ல மக்கா, வேற எவனோ” என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டான்.

வில்சனுக்கு இரண்டாவதுதான் பெஸ்ட். எனக்கு மூன்றாவது. முப்பது வருடத்துக்கும் மேலாக அவன் வீட்டு முன்னறையில் இதே வழக்கு. தீர்ப்பே வராத வழக்கு.

இனி ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஷைனி என்று ஒரு பெண். மார்த்தாண்டத்துக்காரி. அவள் பேசினாலே பாட்டு மாதிரி இருக்கும். ‘பறையுங்க அங்கிள், பறையுங்க’ என்று படம் படமாய்க் காட்டுவாள். பூனை. குடை. வாழைப்பழம். வில்சன் பார்ப்பான். தெரியும் என்று தலையாட்டுவான். வார்த்தை வராது. கெமிஸ்ட்ரி புரொபசரிடம் வாழைப்பழத்தைக் காட்டினால் அவனுக்குத்தான் எப்படி இருக்கும்?

பாட்டு பாடச் சொல்லிப் பார்த்தார்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு சர்ச் பாடகர் குழுவே வீட்டுக்கு வந்தது. வில்சன் அதில் டெனர் பாடியவன். அவர்கள் பாட, அவனும் கூடவே இழுத்தான். இரண்டு மூன்று சொல் தெளிவாய் வந்துவிட்டது! டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டு முடிந்தது... வார்த்தையும் போய்விட்டது.

ஷைனி விளக்கினாள்.

“ஆன்ட்டி, யோசிச்சுப் பறையுற பேச்சு ஒரு வழி. யோசிக்காம தானா வாற பேச்சு வேற வழி. பாட்டு, செபம், கோவத்துல திட்டுறது எல்லாம் ரெண்டாவது. அங்கிளுக்கு அந்த வழி தொறந்துதான் கெடக்கு. அங்கிளுக்கு எதுல கோவம் வரும்?”

நானும் டீச்சரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

மறுநாள் பயிற்சி அறைக்கு நானும் போனேன். வில்சனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“மக்கா, நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன். அஞ்சாவது ஆல்பந்தான் பெஸ்ட். கட்டம்போட்ட சட்டை ஆல்பம்.”

வில்சன் என்னைப் பார்த்தான். சிரித்தான். ‘பாவம்’ என்பதுபோல என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தான்.

பொய் சொல்கிறேன் என்று தெரிந்துவிட்டது. இத்தனை வருடப் பழக்கத்தில் என் பொய்கூட அவனுக்கு மனப்பாடம். இன்னும் எதையோ உளறிப் பார்த்தேன். பலனில்லை. ஷைனி வாழைப்பழப் படத்தைத் திரும்ப எடுத்தாள்.

அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த டீச்சர், கைப்பையின் ஜிப்பை மூடிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்:

“அஞ்சாவது ஒண்ணும் இல்ல அண்ணா. ஆறாவதுதான் நல்லது.”

அறையில் இரண்டு ஆண்களும் திரும்பினோம்.

“டீச்சர்... நீங்க கேட்டிருக்கியளா?”

“கேக்காம? நான் அடுத்த ரூம்ல இருந்து பேப்பர் திருத்துவேன். நீங்க ரெண்டுபேரும் முன்ரூம்ல அலற விட்டுட்டு இருப்பிய. நடுவுல ஒரு செவருதான உண்டு? ஆறாவத மட்டும் அலமாரில இருந்து நானே எடுத்துப் போட்டுக் கேட்டேன்.”

பிறகு விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். உண்மையான டீச்சர்... மார்க்கோடு.

“மொதலாவது, எழுபது. கையெழுத்து மோசம், ஆனா பையன் சொந்தமா எழுதியிருக்கான். மூணாவது, அறுபத்தெட்டு. நல்லா தொடங்கி நடுவுல ரொம்ப அழுகான். நாலாவது, நாப்பது. அஞ்சாவது காப்பி அடிச்சது, அதுக்கு மார்க்கே கிடையாது. ஆறாவது, எண்பத்தஞ்சு.”

“ரெண்டாவது?” என்றேன், வில்சனைப் பார்த்துக்கொண்டே. அவன் முகம் சிவக்கத் தொடங்கியிருந்தது.

“ரெண்டாவதா? அதுல பத்து பாட்டும் ஒரே கணக்கு அண்ணா. நம்பரை மட்டும் மாத்திப் போட்டிருக்கான். அம்பது போட்டாக் காணும்.”

“தப்பு!”

யார் சொன்னது?

வில்சன். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நின்றான்.

“தப்பு! தப்பு!”

டீச்சர் வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் சொன்ன சொல் அது. அதை அவரிடமே ஒருவர் சொல்லி, அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. கண்ணீர் வழிகிறது. ஆனால் ஆள் விடவில்லை பாருங்கள்.

“தப்புன்னா எது சரி? சொல்லுங்க. சும்மா தப்புன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.”

வில்சன் வாயைத் திறந்தான். மூடினான். நெற்றியில் வேர்வை.

“ரெ... ரெண்... ரெண்டு.”

ஷைனி பட அட்டைகளையெல்லாம் எடுத்து மேசைக்குள் போட்டுவிட்டாள். “அங்கிள், நாளைக்கு அந்த ஆல்பம் எல்லாத்தையும் கொண்டு வரணும், கேட்டியளா?”

அன்றிலிருந்து அதுதான் பாடம். அட்டையைக் காட்டி, என்ன நிறம்? சிவப்பு. எத்தனையாவது? நாலு. ஏன் பிடிக்காது? இதற்குப் பதில் வர ஒரு வாரம் பிடித்தது. “கீ... போர்டு.” கை தட்டினோம். இந்தப் பெண் ஷைனி பிறப்பதற்கு முன்னால் வந்த பாட்டுகள். வீட்டில் போய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்து அவனோடு சண்டை போட்டாள். வேலைக்காகத்தானே? அதற்கு இவ்வளவு தேவையே இல்லை. செய்தாள்.

எல்லா நாளும் நல்ல நாள் என்று நினைக்காதீர்கள். ‘தண்ணி’ என்று சொல்ல நினைத்து ‘கிட்டார்’ என்று சொல்லி, டம்ளரைத் தட்டிவிட்ட நாளும் உண்டு. வந்த வார்த்தை மறுநாள் வராது. அப்போதெல்லாம் டீச்சர் குனிந்து தரையைத் துடைத்துவிட்டு, “சரி, மூணாவது ஆல்பத்துக்கு வருவோம்” என்பார்.

ஒருநாள் நான் அவரிடம் கேட்டேன். “டீச்சர், இத்தனை வருசமா எங்களுக்கு டீ போட்டுத் தந்தியளே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே... ஆறாவது பிடிக்கும்னு?”

“நீங்க கேட்டியளா?” என்றார்.



போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வில்சன் என் காரில் ஏறி முன்னே கையைக் காட்டினான். “முட்... டம்.” போனோம். முட்டம் கடற்கரையில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, பாறையைப் பார்த்தாற்போல வண்டியை நிறுத்தினேன். காற்று பலமாக இருந்ததால் கண்ணாடியை ஏற்றிவிட்டோம். டீச்சர் பின் சீட்டில்.

வில்சன் என் போனைத் தட்டினான்.

“ஆறு... போடு.”

நான் திரும்பி டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டேன். கரகரத்த, அடித்தொண்டைக் குரல். பழைய உச்சம் ஒன்றுகூட இல்லை. மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. முதல் பாட்டு பாதியைத் தாண்டியது. வில்சன் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டாவது, மூன்றாவது... வெளியே பிள்ளைகள் பாறையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது பாட்டில் ஒரு இடம். பாடகன் ஒரு மேல் ஸ்வரத்துக்கு ஏறப் பார்க்கிறான். முடியவில்லை. குரல் உடைகிறது. கீழே இறங்கி, அந்த இடத்தையே பிடித்துக்கொண்டு, பாட்டை முடிக்கிறான்.

வில்சன் போனின் சத்தத்தைக் குறைத்தான். பிறகு சொன்னான்:

“எட்டல்ல...”

நாங்கள் காத்திருந்தோம்.

“ஆனா... விடல்ல.”

பின் சீட்டிலிருந்து டீச்சரின் கை வந்து அவன் தோளில் உட்கார்ந்தது. “அதுக்குத்தான் மார்க்கு போட்டேன்” என்றார்.  எனக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. மூக்குக் கண்ணாடியை.

கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டோம். முடிந்ததும் வில்சன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்ப சிரமப்பட்டு ஒரு முழு வாக்கியம் சொன்னான். “இருந்தாலும்... ரெண்டாவதுதான்... பெஸ்ட்டு.”

யாருக்கெல்லாம் நன்றி சொல்வது? டாக்டருக்கு. காரை எடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு. ஷைனிக்கு. டீச்சருக்கு எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. அப்புறம், எங்கோ பூமியின் மறுபக்கத்தில் இருக்கிற, இப்போது மூட்டுவலிக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடிய அந்த ஐந்து பேருக்கும். தக்கலை என்று ஒரு ஊர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. காசுக்காகவும் கைதட்டலுக்காகவும்தான் பாடினார்கள். பாடிவிட்டுப் போனது இங்கே ஒரு மனுஷனுக்கு உதவியிருக்கிறது. நாம் செய்வது எது, எங்கே போய், யாருக்கு உதவும் என்று யாருக்குத் தெரியும்?

நேற்று வில்சனுக்குப் போன் செய்தேன். ‘இதையெல்லாம் எழுதட்டுமா மக்கா?’ என்று அனுமதி கேட்க. எங்கே தொடங்குவேன், எதை விடுவேன், எப்படி முடிப்பேன் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

“எலே மக்கா...” மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. “நீ... ரொம்ப... பேசுகே.”

இந்த வருடம் என் காதில் விழுந்ததிலேயே நல்ல வார்த்தை இதுதான்.