சின்னி ஏறிப்போன வேன்

ஆம்பூரில் என் வீட்டிலேயே ஷூ மேல்பாகங்களைத் தைத்து, மூட்டையாகக் கட்டி, கம்பெனி வேனில் அனுப்புகிறேன். ஒரு நாள் வேன் ஹாரன் அடித்த பதற்றத்தில், உள்ளே பார்க்காமலே மூட்டையைக் கட்டிவிட்டேன். மாலையில் என் பூனை சின்னியைக் காணவில்லை. மூட்டைக்குள் படுப்பது அதன் வழக்கம். உடனே சந்தேகம் வந்தது. ஆனால் கம்பெனியில் கேட்டால் வேலை தராமல் போய்விடுவார்களோ என்று பயந்து, இரண்டு நாள் தெருவிலேயே தேடினேன். மூன்றாம் நாள்தான் டிரைவர் அண்ணனிடம் கேட்டேன்.

"அது உன்னுதாம்மா? மூட்டையைப் பிரிச்சதும் குதிச்சு ஓடுச்சு. நேத்து வரைக்கும் கம்பெனி கேட்டாண்ட கத்திக்கினு இருந்துச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே இட்டாந்திருப்பேன்!"

அங்கே ஓடிப்போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். சின்னி வரவில்லை.

இப்போதெல்லாம் வேன் வந்து நின்றதும், மூட்டையைக் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: "சின்னி கண்ணுல பட்டுச்சாண்ணா?"