கேரம் காய் மேல் ஒரு கட்டைவிரல்

நம் பொம்மைப் பட்டாளத்தைக் கெடுத்தவன் நீதான். ஒரே ஒரு ஆட்டத்துக்கு என்று கேட்டு வாங்கிப் போன நீ, ஒவ்வொரு சிப்பாயையும் கேரம் காயிலிருந்து பிடுங்கி, கடையில் விற்கிற பிளாஸ்டிக் வட்டத்தில் ஒட்டி, காலடியில் வெள்ளை மணலைத் தூவியிருக்கிறாய். அதையும் பொம்மைப் போர் ஆடுகிற உங்கள் சேலம் கிளப்பின் வாட்ஸாப் குழுவில் "முன்", "பின்" என்று இரண்டு படமாகப் போட்டிருக்கிறாய். அதற்குக் கைதட்டல் வேறு.

அந்த "முன்" படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மலை மேலே மஞ்சக்குட்டையில் நாம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். பகடை உருட்டி, ஸ்கேலால் தூரம் அளந்து, சாப்பாட்டு மேசையில் போர் நடத்துவோம். பொம்மைச் சிப்பாய்களுக்கு எடையே கிடையாது. யாராவது மேசையில் கை ஊன்றினால் இரண்டு படையும் ஒன்றாகச் செத்து விழும். அதனால் உங்கள் வீட்டுக் கேரம் காய்களைக் காலடியில் ஒட்டினோம். கறுப்பு உன் படை, வெள்ளை என் படை. அதற்கப்புறம் உன் அண்ணன் சோடா மூடியை வைத்துக் கேரம் ஆடினார்.

காய் மேல் பசை தடவி, காய்ந்த காப்பிச் சக்கையில் அழுத்தி எடுத்தால் உழுத மண் மாதிரியே இருக்கும். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்துப் பாசியைக் கிள்ளி வைத்தால் புதர். ஆனால் உனக்குப் பொறுமை ஏது? துணியே காயாத மூடுபனி மாதத்தில், சிக்கரி கலந்த சக்கையை ஃபில்டரிலிருந்து அப்படியே ஈரத்தோடு அப்பி, பிஸ்கட் டப்பாவில் மூடி வைத்தாய். திறந்து பார்த்தபோது உன் படைக்கு இடுப்பு வரை வெள்ளைப் பூஞ்சை. நீ அழுதாய். நான் சிரித்தேன். உன் அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, பட்டாளத்துக்குத் தாடி மொளச்சிருச்சா?"

"போம்மா!"

"அழுவாத சாமி, இங்க கொண்டா. ஊட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் காப்பி ஊத்தறேன், இவங்களுக்கு ஊத்த மாட்டனா?"

எல்லாவற்றையும் துடைத்தார். புதுச் சக்கையை வாணலியில் ஈரம் போக வறுத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பதித்தார். அடுப்புக்கு மேலே பலகையில் அடுக்கிக் காய வைத்தார். கறுப்புக் காய் ஒவ்வொன்றிலும் அவர் விரல் பள்ளம் விழுந்திருந்தது. அதற்கு "குண்டு விழுந்த குழி" என்று பெயர் வைத்ததும் நீதான்.

உன் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டை விற்றாய். டப்பாவை என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். ஒவ்வொரு வருடமும் மழை விட்டதும் காப்பி காயப்போடும் களத்தில் வெயில் காட்டி எடுத்து வைத்தவன் நான்.

படத்தைப் பார்த்ததும் உனக்குப் போன் செய்தேன்.

"அட, அது பூஞ்ச புடிச்ச குப்பைடா. இப்பப் பாரு, பாலைவனமாட்டம் நொம்ப ஜோரா இல்ல?"

"குழி குழியா இருந்துச்சே, அது யாரு வெரலு?"

"எந்தக் குழி?"

போனை வைத்துவிட்டேன். நிஜமாகவே மறந்துவிட்டாயா, நடிக்கிறாயா, எனக்குத் தெரியவில்லை. உன் "முன்" படத்தைப் பெரிதாக்கிப் பார். குழிகள் தெரிகின்றன.

எனக்குத் தனியாகப் போன் பண்ணாதே. கைதட்டியவர்கள் எல்லோரும் இருக்கிற அதே குழுவில் எழுது. பிடுங்கிய கறுப்புக் காய்கள் எங்கே? அவற்றில் இருந்தது யாருடைய விரல்?