வேனுக்காகக் கட்டிய காப்பு

ஆட்சி கவிழ்ந்த அந்த வருடம் ஃபிஜியில் நம்மவர்கள் யாரைப் பார்த்தாலும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நாடி விமான நிலையத்தின் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்த்ததால், அந்த மூட்டைகளை எல்லாம் எடை போடும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அம்மிக்கல்லை விமானத்தில் அனுப்ப வந்த அம்மாள் ஒருவரை இன்றும் மறக்கவில்லை. "அந்த ஊர்ல கல்லே கெடையாதாம்மா?" என்று கேட்டேன். "இருக்கும். ஆனா அது நம்ம கல்லா?" என்று என்மேல் பாய்ந்தார். கல்லைத் தராசில் ஏற்றினேன்.

என் மனைவி நர்ஸ். நியூசிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். மகளையும் அழைத்துக்கொண்டு முதலில் போய், தன் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தாள். எனக்கும் விசா வந்தாயிற்று, விமானம் ஏறவேண்டியதுதான் பாக்கி. ஆனால் வெறுங்கையோடு போய் மச்சான் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனம் வரவில்லை. மச்சான் மிக நல்லவர், அதுதான் பிரச்சினை. கெட்டவர் என்றால் சண்டை போட்டுவிட்டாவது சாப்பிடலாம். தனி வீடு பிடிக்கும் அளவுக்குச் சேர்த்துக்கொண்டுதான் வருவேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு தவித்துப்போனேன். மகள் அப்போது சிறு பிள்ளை. தொலைபேசியில் அவள் குரலைக் கேட்ட அன்றெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. சீக்கிரம் சேர்த்தால் சீக்கிரம் போகலாம். சம்பளம் கூடப்போவதில்லை, ஆகவே வாடகையை ஒழித்துக்கட்டினேன். ஊரைவிட்டுப் போன காய்கறி வியாபாரி ஒருவரிடம் பழைய வேன் ஒன்று சல்லிசாகக் கிடைத்தது. பின்னால் மெத்தை போட்டேன், கம்பி கட்டிச் சட்டைகளைத் தொங்கவிட்டேன், மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்தேன். கொத்தமல்லி வாசனை மட்டும் கடைசிவரை போகவில்லை.

முதலில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே சாலையோரம் நிறுத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் ராணுவத்தார் வந்து கதவைத் தட்டினார்கள். கலவர நேரம், துப்பாக்கியைப் பார்த்ததும் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். காய்விதி, அதாவது ஃபிஜிப் பூர்வகுடி, இளைஞன் ஒருவன் பின்கதவைத் திறந்து சட்டைகளையும் சட்டியையும் அம்மன் படத்தையும் பார்த்துவிட்டு, "இது என்ன, கடையா?" என்று எங்கள் ஃபிஜி ஹிந்தியிலேயே கேட்டான். "வீடு" என்றேன். அவன் துப்பாக்கியை நண்பனிடம் கொடுத்தான், பூட்ஸைக் கழற்றிக் கீழே வைத்தான், பிறகுதான் உள்ளே ஏறிச் சோதனை போட்டான். இறங்கும்போது, இங்கே நிறுத்தாதே, அடுத்து வருகிறவர்கள் எப்படியோ தெரியாது என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போனான்.

அப்படித்தான் சபேட்டோ பக்கம் கரும்புக்காட்டு நடுவில் இருக்கும் ஒரு சின்ன மாரியம்மன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். கோயில் தலைவர் கரும்பு விவசாயி, என் தகப்பனாருக்குத் தெரிந்தவர். ஃபிஜித் தமிழர் எல்லோரையும்போல அவரும் வீட்டில் ஹிந்திதான் பேசுவார், கோயில் வாசலை மிதித்தால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவார். "எடம் சும்மாத்தான கெடக்குது, நிறுத்திக்க தம்பி. கோயிலுக்குக் காவலும் ஆச்சு" என்றார். குழாயடியில் குளியல், வேப்பமரத்து நிழல், வாடகை கிடையாது. டின் மீன் சாப்பிட மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு வெளியே போய்க் கரும்போரம் குந்தவேண்டும். சேமிப்பு மளமளவென்று ஏறியது. இன்னும் கொஞ்ச நாளில் மகளைப் பார்த்துவிடலாம் என்று நான் குஷியாக இருந்த சமயத்தில் திருவிழா வந்தது.

"கொடி ஏறிடுச்சுன்னா காப்புக் கட்டினவங்கதான் உள்ள தங்கலாம்" என்றார் தலைவர். "ஒண்ணு வண்டிய எடு, இல்லாட்டி காப்பக் கட்டு."

காப்புக் கட்டினால் பத்து நாள் விரதம் இருந்து, கடைசி நாள் தீ மிதிக்கவேண்டும். நாடிச் சாலையின் மத்தியானத் தாரைவிடச் சூடான எதையும் என் கால் அதுவரை தொட்டதில்லை. ஆனால் வேனை எங்கே கொண்டுபோவது? சாலையெல்லாம் ராணுவம். அறை எடுத்தால் சேர்த்தது கரையும், மகளைப் பார்க்கும் நாள் தள்ளிப்போகும். இரண்டு பக்கமும் யோசித்துவிட்டு மணிக்கட்டை நீட்டினேன். மஞ்சள் கயிற்றைக் கட்டிய கையோடு தலைவர், "சரி, ஒரு பாய எடுத்துக்கிட்டு மண்டபத்துக்கு வா" என்றார்.

"பாய் எதுக்கு ஐயா? வேன்ல மெத்த இருக்குதே."

"காப்புக் கட்டினவங்க மெத்தையில படுக்கக்கூடாது. தரையிலதான்."

வேன் நிற்பதற்காகக் காப்புக் கட்டிக்கொண்டேன், கட்டிக்கொண்டதால் வேனில் படுக்க முடியாமல் போயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நவுவாவிலிருந்து வந்திருந்த பூசாரிக்கு இடுப்புவலி. இந்த வருஷம் பூசாரிக்கு மட்டும் விதிவிலக்கு என்று கமிட்டி கூடித் தீர்மானித்து, அவரை என் மெத்தையில் படுக்கவைத்தது. காலையில் நான் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தால், அவர் என் வேனிலிருந்து சோம்பல் முறித்தபடி இறங்குவார். "மெத்த ரொம்ப சுகம் தம்பி. ஒரு கொசு இல்ல" என்று நற்சான்று வேறு.

விடுப்பு எடுத்தால் சம்பளம் போகும் என்று மஞ்சள் வேட்டியோடும் வெறுங்காலோடும் வேலைக்குப் போனேன். மூட்டை அனுப்ப வந்தவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. நான் விசாவுக்காகத்தான் நேர்ந்துகொண்டிருக்கிறேன் என்று அவர்களே முடிவுகட்டி, "எங்க பையன் விசாவுக்கும் சேத்து மிதிச்சிருங்கண்ணே" என்று மூட்டையோடு வேண்டுதலையும் என்னிடம் ஒப்படைத்தார்கள். வண்டி நிறுத்த இடம் கேட்டு மிதிக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? தலையை ஆட்டிவைத்தேன். மனைவியிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அவளுக்கு அங்கே தீக்காய வார்டில் வேலை.

கடைசி நாள் சபேட்டோ ஆற்றில் முழுக்குப் போட்டு, மஞ்சள் பூசி, பம்பை முழங்கக் கிளம்பினோம். பூசாரி ஒவ்வொருவருக்கும் சாட்டையடி கொடுத்து அனுப்பினார். என் மெத்தையில் நன்றாகத் தூங்கிய தெம்பு அந்தச் சாட்டையில் தெரிந்தது. குழியின் முன்னால் நின்றபோது சூடு முகத்தில் அறைந்தது. திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. பின்னால் இருந்தவர் தள்ளிவிட்டாரா, நானேதான் கால் வைத்தேனா தெரியாது. தனி வீடு, சேமிப்பு, ஊரார் விசா எதுவுமே நினைவில் இல்லை. என் பிள்ளையைப் பார்க்கணும் தாயே என்று அழுதுகொண்டே நடந்தேன். மறுகரையில் பால் குழியில் கால் வைத்தபோது ஒரு கொப்புளம்கூட இல்லை. கொஞ்ச நேரத்துக்கு என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை, கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உலாத்தினேன்.

தலைவர் திருநீறு பூசிவிட்டு, "அடுத்த வருஷம் கொடியேத்தத்துக்கு முன்னாடியே வந்துரு" என்றார்.

"அடுத்த வருஷமா?"

"இந்தக் கோயில்ல ஒருதரம் மிதிச்சா மூணு வருஷம் மிதிக்கணும். ஒனக்குத் தெரியாதா?"

என்ன சாப்பிடலாம், எத்தனை தடவை குளிக்கணும் என்றெல்லாம் நச்சரித்துக் கேட்ட நான், இதைக் கேட்கவில்லை. "நான் நியூசிலாந்து போறேனே ஐயா" என்றேன்.

"போயேன். ப்ளேன் திரும்பி வராதா? நீ வேல பாக்கிற எடந்தானே, ஒனக்குத் தெரியாததா!"

மிச்சம் பிடித்த வாடகை மொத்தமும் விமானச் சீட்டாகப் பறக்கப்போகிறது என்று எனக்கு உறைத்தது. சொல்லாமல் மறைக்கவும் முடியாது. மறுநாள் விமான நிலையத்துப் பொதுத் தொலைபேசியில் மனைவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். தீ மிதித்தேன் என்றதும் ஒரு மூச்சு திட்டினாள். "கால் எப்படி இருக்குது? செவந்திருக்கா? தண்ணி கோத்திருக்கா?" என்று வார்டில் கேட்பதுபோலக் கேட்டாள். மூன்று வருடம் வரவேண்டும் என்று சொன்ன கையோடு, அடுத்த திட்டு வருமுன் முந்திக்கொண்டேன்.

"பயப்படாத. பூசாரிகிட்ட பரிகாரம் கேக்கறேன். ஏதாச்சும் காணிக்க கட்டிட்டு விட்டுரலாம்."

"கேக்காதீங்க" என்றாள். அழுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. "இங்க வந்தவங்க யாருமே திரும்பிப் போறதில்லீங்க. இந்த வருஷம் காரு, அடுத்த வருஷம் வீடுன்னு சொல்லிக்கிட்டே இருந்துடறாங்க. அண்ணன் எங்கம்மா சாவுக்குக்கூட வரல. நாமளும் அப்படித்தான் ஆயிருவோம்னு நான் தெனம் அழுதுக்கிட்டு இருந்தேன். இப்ப யாரு என்ன சொல்லமுடியும்? சாமி காரியம். போய்த்தான ஆகணும்!"

நான் போவதைப் பற்றி மட்டுமே இத்தனை நாளும் யோசித்திருக்கிறேன். அவள் அங்கே போய் இறங்கிய நாளிலிருந்து திரும்பி வர வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சேத்த வரைக்கும் போதும், கெளம்பி வாங்க" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பொம்பளைங்க காப்புக் கட்டலாமில்ல?" என்று கேட்டாள்.

"கட்டலாம். அடுத்த வருஷம் ரெண்டு பேருமாச் சேந்தே மிதிச்சிருவோம்" என்றேன், பெரிய அனுபவஸ்தன் மாதிரி.

"ஐயோ, சேந்து வேணாம்" என்றாள் அவசரமாக. "ஒங்க மூணு வருஷம் முடியட்டும், அப்புறம் நான் ஆரம்பிக்கறேன். சேந்து மிதிச்சா வருஷமும் சேந்தே கழிஞ்சிருமே!"