அவர் உடம்பில் இருக்கும் என் சிறுநீரகம்

என் கணவருக்கு நான்தான் சிறுநீரகம் கொடுத்தேன். மூன்று வருடம் அது நன்றாக வேலை செய்தது. போன தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருந்தபோது, ஈப்போ ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய உப்பு இரத்தத்தில் ஏறியிருந்தது. வயிற்றைக் கிழிக்காமல், மெல்லிய ஊசியால் சிறுநீரகத்திலிருந்து நூலளவு சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

நான் முடியாது என்றுவிட்டேன். குத்தினால் கிட்னி போய்விடும் என்று எஸ்டேட் லயத்து வீடுகளில் ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். தேயிலைக் கொழுந்து வெட்டிக்கொண்டே அழுதேன். முருகா, ஊசியே இல்லாமல் சரியாக்கு என்று கெஞ்சினேன். அதற்குள் அவர் கால் வீங்கி, செருப்புக்கூட நுழையவில்லை. வேறு வழியில்லாமல் அழைத்துப் போனேன்.

ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி போட்டார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அசையாமல் படுக்க வைத்தார்கள். முதலில் போன சிறுநீர் சிவப்பாக இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. வராந்தாவில் நின்று முருகனைத் திட்டினேன்.

"எங்கிட்ட குடுக்க இன்னொன்னு இல்லப்பா! உனக்குக் கண்ணு இல்லையா?"

சாயங்காலம் சிறுநீர் தெளிந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. எடுத்த சதையில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டியபடியே கிடந்தேன்.

முடிவோடு டாக்டரம்மா வந்தார். "உடம்பு கிட்னிய ஏத்துக்காம தள்ளுதுக்கா. நல்லவேளை, ஆரம்பத்திலேயே தெரிஞ்சிருச்சு. மருந்துல நிறுத்திரலாம். அண்ணே, அது தள்ளாம இருக்கக் குடுத்த மாத்திரய ஒழுங்கா போட்டீங்களா?"

அவர் தலை குனிந்தார். "காலையில விரதம் லா டாக்டர். வெறும் வயித்துல எப்படிப் போடுறது? விட்டுட்டேன்."

கிட்னி நிலைக்க வேண்டும் என்று அந்த நாற்பத்தெட்டு நாள் தைப்பூச விரதத்தை நேர்ந்து, அவரை இருக்க வைத்தவள் நான்.

மூன்று நாள் மருந்து ஏற்றினார்கள். உப்பு இறங்கியது. நான் கேட்டது எதையும் முருகன் தரவில்லை. ஊசி வேண்டாம் என்றேன், போட வைத்தான். ஒன்றும் இருக்கக் கூடாது என்றேன், இருந்ததைக் காட்டிக் கொடுத்தான். என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தச் சிறுநீரகம் போயிருக்கும்.

நேர்த்திக்கடன் வைத்திருப்பவர்களே, அவனை நம்புங்கள். பயம் வந்தால் திட்டவும் செய்யுங்கள், தாங்கிக்கொள்வான். மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்தத் தைப்பூசத்தன்று என் கணவர் இரண்டு இட்லி சாப்பிட்டு, மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் பால்குடம் தூக்கினார். பின்னால் நடந்த எனக்கு அரோகரா சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.