வாய் நிறையத் தண்ணீர்

எட்டு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. சம்பளம் கிடையாது, அதிகாரம் மட்டும் ஏகப்பட்டது. என் தம்பிக்கு நான்தான் வாய்.

அவனுக்கு நான்கு வயது முடியப்போகிறது, பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். நாம் பேசுவதும் அவனுக்குப் புரியும். அடுப்படியை எட்டிப் பார்த்தால் பசி, செருப்பைக் காலால் தள்ளினால் வெளியே போக வேண்டும், என் முழங்கையைச் சுரண்டினால் தண்ணீர். அவன் சுரண்டி முடிப்பதற்குள் நான் "தம்பிக்குத் தண்ணி வேணுமாம்" என்று வீட்டுக்கே அறிவித்துவிடுவேன். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று எல்லோரும் மெச்சுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது போதாதென்று அம்மாவுக்கும் நானே வாய். அப்பாவுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கொல்கத்தாவுக்கு மாற்றலாகி நாங்கள் வந்தபோது, பள்ளிக்கூடத்துப் புண்ணியத்தில் எனக்கு வங்காளம் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்குக் காய்கறிக்காரரிடம் "கொத்தோ" என்று விலை கேட்கவும், "பேஷி" என்று அதிகம் எனச் சொல்லவும் தெரியும். அதற்கு மேல் வேண்டியிருந்தால் என்னைக் கூப்பிடுவாள்.

தம்பியைச் சேர்க்கப் போன பள்ளிக்கூடத்தில், தண்ணீரும் கழிப்பறையும் வாய் திறந்து கேட்கிற பிள்ளையாக அழைத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சேதி கேட்ட அத்தை, வசம்பைத் தேனில் உரைத்து நாக்கில் தடவச் சொன்னாள். மாடியில் குடியிருந்த வங்காளப் பெண்மணி, நாங்கள் காகிமா என்று கூப்பிடுகிறவர், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டால் பிள்ளை குழம்பாமல் பேசிவிடும் என்றார். அப்பா இருவருக்கும் தலையாட்டிவிட்டு, ஆபீசில் யாரோ சொன்ன பேச்சுப் பயிற்சி நிலையத்துக்கு எங்களை அனுப்பினார்.

கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த சின்ன அறை அது. பயிற்சி கொடுத்தவரை எல்லோரும் திதி, அதாவது அக்கா, என்று கூப்பிட்டார்கள்; அவர் கதர்க் குர்த்தா போட்டிருந்தார். ஊசி இருக்கும், மாத்திரை இருக்கும் என்று பயந்து போன எனக்கு ஏமாற்றம்தான். அவரிடம் இருந்தது ஒரு பெரிய பிஸ்கட் டப்பா. அதற்குள் முகம் பார்க்கும் கண்ணாடி, உறிஞ்சு குழல்கள், பஞ்சு உருண்டை, ஒரு கார், ஒரு பந்து, ஊதினால் குமிழி பறக்கும் சோப்புத் தண்ணீர்ப் புட்டி. இதற்கா அப்பா பணம் கட்டினார் என்று இருந்தது. வீட்டில் தமிழிலேயே பேசுங்கள், நிறுத்த வேண்டாம் என்று திதி முதலிலேயே சொல்லிவிட்டார். அதை அம்மாவுக்கு மொழிபெயர்த்ததும் நான்தான்.

திதி காரையும் பந்தையும் தம்பி முன்னால் தூக்கிப் பிடித்து, எது வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். தம்பி கண்ணைத் திருப்புவதற்குள் "கார்" என்றேன். அடுத்து குமிழிப் புட்டியை மூடியோடு அவன் கையில் கொடுத்தார். அவன் திருகிப் பார்த்தான், வரவில்லை, என்னிடம் நீட்டினான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு திறந்து கொடுத்தேன். அவன் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் மூடியை அப்படி இறுக்கியிருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? வங்காளத்தில் "ஒன்று, இரண்டு" என்று எண்ணிவிட்டு அவனுக்காக நிறுத்தினால், "மூன்று" என் வாயிலிருந்து வந்தது. திதி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த முறை போனதும் எனக்கு ஒரு பந்தயம் வைத்தார். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, விழுங்காமல், துப்பாமல் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? வகுப்பில் எதற்கும் தோற்காதவள் நான். கன்னம் இரண்டும் உப்ப உட்கார்ந்துகொண்டேன்.

தம்பி புட்டியை என்னிடம் நீட்டினான். நான் இரண்டு கையையும் விரித்தேன். முழங்கையைச் சுரண்டினான். தலையை ஆட்டினேன். என்ன ஆயிற்று இவளுக்கு என்று பார்த்தவன், என் கன்னங்களை இரு கையாலும் அழுத்தினான். தண்ணீர் பீய்ச்சியடித்துத் திதியின் குர்த்தா முழுக்க நனைந்தது. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா பதறிப்போய் என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது சமாதானம் சொல்வேன் என்று. அதற்குள் திதி என் வாயில் மறுபடியும் தண்ணீரை ஊற்றிவிட்டார்.

வேறு வழியில்லாமல் அம்மா பேசினாள். தன்னிடம் இருந்த வங்காளத்தையெல்லாம் திரட்டி, கையை ஆட்டி, முகத்தால் மன்னிப்புக் கேட்டு, கடைசியில் "கொத்தோ?" என்றாள். தம்பி பேச எத்தனை மாதம் ஆகும் என்பது அதன் பொருள். திதிக்குப் புரிந்துவிட்டது. அவர் வங்காளத்தில் கையை ஆட்டி ஏதோ சொல்ல, அம்மா சிரித்தாள். என்னை வைத்துக்கொண்டே, நான் இல்லாமல் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் எனக்குத் தண்ணீர்தான். பந்தயம் என்னை ஒதுக்கி வைக்கும் தந்திரம் என்று எனக்கு மெல்ல உறைத்தது. கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் தோற்க மனமில்லை.

ஒரு நாள் புட்டி மூடியபடி தம்பி கையில் இருந்தது. கீழே ஆட்டோக்கள் கத்திக்கொண்டிருந்தன. திதி காத்திருந்தார். அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பிறகு புட்டியைத் திதியிடம் நீட்டினான்.

"தொற."

அம்மா அசையவே இல்லை. நான்தான் அவசரமாக விழுங்கிப் புரையேறி இருமினேன். தம்பி என்ன சொன்னான் என்று திதிக்கு நான் சொல்ல வேண்டாமா? அதற்குள் அவர் திறந்துவிட்டார். தமிழ் தெரியாதவர், என்னைக் கேட்காமலே திறந்துவிட்டார். அம்மா அவனை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அழுகையும் வந்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தா, போ, வேணும், வேண்டாம். மருந்துக்கடைக்காரரிடம் 'டாட்டா'. புது வகுப்புத் தொடங்குவதற்குள் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துக்கொண்டார்கள். அவன் அங்கே போன முதல் நாளே தண்ணீர் கேட்டானாம். அதை அம்மா காகிமாவிடம் தானே வங்காளத்தில் சொன்னாள். பாதி தப்பு. திருத்த ஆசையாக இருந்தது, அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

பெஹாலாவுக்குப் போவது மட்டும் தொடர்ந்தது. இப்போது எனக்குத் தண்ணீர் தருவதில்லை. அடுத்தவரிடம் கேட்கப் பழக்க வேண்டும் என்று திதி, புட்டிக்குள் முக்கி ஊதுகிற குமிழி வளையத்தைத் தம்பியிடம் கொடுத்திருந்தார். அவன் அம்மாவிடம் நீட்டி "வேணுமா?" என்றான். அம்மா "வேணும்" என்று வாங்கி ஊதினாள். திதியிடமும் அதே தமிழில் கேட்டான். அவரும் வாங்கி ஊதினார். பிறகு என்னிடம் வந்தான்.

"அக்கா, வேணுமா?"

நான் அம்மாவிடம் திரும்பி, "தம்பிக்கு இன்னும் வேணுமாம்" என்றேன்.

"ஏட்டி, அவன் ஒன்னத்தான் கேக்கான்" என்றாள் அம்மா.

எனக்கு வேண்டுமா? அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லியிருப்பேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. திதியைப் பார்த்தேன், அவர் எடுத்துக்கொடுக்கவில்லை. அம்மாவும்தான். சோப்புத் தண்ணீர் கையில் வழிய, தம்பி வளையத்தை நீட்டியபடி என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். போயும் போயும் ஒரு குமிழிக்காக மூன்று பேரும் ஏன் இவ்வளவு நேரம் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.